சுண்ணாம்புக்கு அடியில் முப்பத்தேழு

1

நான் பயந்தவன். அதை முதலிலேயே சொல்லிவிட்டால் உங்களுக்கும் எனக்கும் வேலை சுலபம். யாராவது கதவைத் தட்டினால், யார் என்று கேட்பதற்கு முன்னால் பாஸ்போர்ட் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று யோசிப்பேன். இங்கே தபால்காரர் வீட்டுக்கு வருவதில்லை. தபால் நிலையத்துச் சுவரில் ஆளுக்கொரு பூட்டிய பெட்டி உண்டு. அதில் பழுப்பு உறை ஏதாவது கிடந்தால், சாப்பிட்டு முடித்த பிறகுதான் பிரிப்பேன். முன்னால் பிரித்தால் சோறு இறங்காது. "உங்களை நம்பி ஒரு ஊரையே அளக்கக் கொடுத்திருக்காங்களே, அவங்களைச் சொல்லணும்" என்று என் மனைவி சரோஜா கேலி செய்வாள்.

லுசாகாவுக்கு வந்து இது ஏழாவது வருடம். நகர வேலைகளை எடுத்துச் செய்யும் ஓர் அளவைக் கம்பெனியில் எனக்கு உத்தியோகம். இந்த நாட்டுக்குச் சுதந்திரம் வந்து பதினைந்து வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் ஊர் நாலு பக்கமும் பொங்கி வழிகிறது. கிராமங்களிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். நாங்கள் திங்கட்கிழமை அளந்த காலி இடத்தில் வெள்ளிக்கிழமை பத்து வீடு நிற்கிறது.

இங்கே ஆடி மாதம் குளிர்காலம். நீங்கள் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாட்களில் நாங்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மூக்கைச் சிந்துகிறோம். அப்படியொரு செவ்வாய்க்கிழமை காலை, எங்கள் வீட்டில் துணி துவைத்துக் கொடுக்கும் எஸ்தர் முழங்கை வரை செம்மண் கறையோடு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. என் மகள் கலாவிடம் தன் பாஷையில் ஏதோ வளவளவென்று சொன்னார். கலாவுக்குப் பத்து வயது. நியான்ஜா பாஷையை அவள் தண்ணீர் பட்ட பாடாகப் பேசுவாள். இங்கிலீஷ் அதைவிட நன்றாக வரும். தமிழ்தான் அவள் வாயில் வாடகைக்குக் குடியிருக்கிற மாதிரி இருக்கும்.

"அப்பா, எஸ்தர் வீடு புதுசு ஆச்சு. மண்ணு போட்டு பூசிட்டா. செவப்பு. கீழே கறுப்புக் கோடு. ரொம்ப அழகு, நீ வந்து பாரு சொல்றா."

நான் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, "வாசல் பக்கச் சுவருமா?" என்று கேட்டேன்.

கலா கேட்டுச் சொன்னாள். "எல்லாச் சுவரும். வாசல் சுவருதான் ஃபர்ஸ்ட்."

அந்த வாசல் பக்கச் சுவரில் இரண்டு மாதத்துக்கு முன்னால் நான் என் கையாலேயே 214 என்று எழுதியிருந்தேன். அதை மறைக்கக் கூடாது என்று எஸ்தரிடம் சொல்லவில்லை. டீ ஆறிப்போனது. அப்படியே வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினேன்.

2

எஸ்தர் இருக்கும் குடியிருப்பின் நடுவாக ஒரு பெரிய சாலை போகப்போகிறது. வழியில் இருக்கும் வீடுகளை இடித்துவிடுவார்கள். எண் எழுதப்பட்ட வீட்டுக்காரர்களுக்கு ஊருக்கு வெளியே ஒரு மனையும், நாலு வீட்டுக்குப் பொதுவாக ஒரு குழாயும் கிடைக்கும். எண் இல்லாத வீட்டுக்கு ஒன்றும் கிடையாது. எங்கள் நோட்டில் எண் இருந்தால் மட்டும் போதாது, சுவரிலும் இருக்க வேண்டும். ராத்திரியோடு ராத்திரியாகக் குடிசை போட்டு, அடுத்தவர் எண்ணைச் சொல்லி வருகிறார்கள் என்பதால் இந்த விதி.

வெள்ளிக்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து அதிகாரி சரிபார்க்க வருகிறார். சுவரில் எண் அழிந்திருந்தால் ஒரு வழி உண்டு. எழுதின ஆள் சாட்சிப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் படிவத்தில் கடைசி வரி இது: உங்களுக்கும் இந்த வீட்டாருக்கும் ஏதேனும் தொடர்பு உண்டா?

உண்டு. எஸ்தர் என் வீட்டில் வேலை செய்கிறவர். அந்தப் பகுதியில் வேலை தொடங்கிய அன்றே அதை எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். நான் கொடுக்கவில்லை. கொடுத்தால் வேறு இடத்துக்கு மாற்றுவார்கள், ஏன் எதற்கு என்று கேள்வி வரும். போன வருடம் எங்கள் குழுவில் ஒருவர் தனக்கு வேண்டியவர்கள் சுவரில் எண் எழுதிக் கொடுத்து மாட்டிக்கொண்டார். ஒரே வாரத்தில் குடும்பத்தோடு விமானம் ஏற்றிவிட்டார்கள். வரப்போகும் அதிகாரியின் மேஜையில்தான் என் ஒப்பந்தத்தை நீட்டிப்பதற்கான மனுவும் இருக்கிறது.

சரோஜாவிடம் சொன்னேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். இங்கே இப்போது சோப்புக்கும் எண்ணெய்க்கும் வரிசையில் நிற்கிறோம். அரிசி கிடைத்தால் அதிர்ஷ்டம்.

"நீங்க எழுதின நம்பர்தானே? நான்தான் எழுதினேன்னு சொல்றதுல என்ன இருக்கு?" என்றாள்.

"வேலை போயிடும் சரோஜா."

"போகாமலும் இருக்கலாம்."

"போயிட்டா?"

அவள் ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள். அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். இதே மாதிரி ஒரு சுவரின் முன்னால் நான் ஒரு தரம் நின்றிருக்கிறேன்.

3

எங்கள் ஊரான கும்மிடிப்பூண்டிக்குத் தொழிற்பேட்டை வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியபோது எனக்கு இருபத்திரண்டு வயது. அது செங்கல்பட்டு ஜில்லா. அப்போதெல்லாம் கூடூர் பாசஞ்சர் கரி வண்டியில் வந்து இறங்கினால் ஸ்டேஷனுக்கு இந்தப் பக்கம் கடைத்தெரு, அந்தப் பக்கம் நெல் வயலும் முள்காடும். என் அண்ணன் நாகப்பன் ஏரிக்கரை ஓரத்துப் புறம்போக்கில் மண் சுவர் எழுப்பி, நாட்டு ஓடு போட்டு வீடு கட்டியிருந்தார். எங்கள் அப்பா அம்மா போன பிறகு என்னைச் சோறு போட்டுப் படிக்க வைத்தது அந்த வீடுதான். அண்ணி பேர் தேசம்மா. வாய்த்துடுக்கு, கை சுத்தம். என்னை விட ஆறு வயதுதான் பெரியவர்.

நில அளவைக் குழுவில் எனக்குச் சங்கிலி பிடிக்கிற வேலை கிடைத்தது. செயின்மேன் என்று பெயர். தற்காலிக வேலைதான், ஆனாலும் எங்கள் குடும்பத்தில் அரசாங்கச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான். சேரும்போது ஓவர்சீயர் எல்லோரையும் நிற்க வைத்து, எடுக்கப்போகும் நிலத்தில் உறவுக்காரர் யாராவது குடியிருந்தால் எழுதிக் கொடுக்க வேண்டும், மறைத்தால் வேலையும் போகும், கேஸும் வரும் என்றார். எழுதிக் கொடுத்தால் வேலையே கிடைக்காது என்று நான் பயந்தேன். ஏரிக்கரை இந்தத் திட்டத்துக்குள் வராது என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

வந்தது. மார்கழி மாதத்தில் ஒரு நாள், தகட்டில் வெட்டிய எண்களும் சிவப்புப் பெயின்ட் டப்பாவுமாக எங்கள் குழு ஏரிக்கரைக்குள் நுழைந்து, ஆளுக்கொரு வரிசையாகப் பிரிந்தது. எங்கள் வீட்டு வாசலில் யாருமில்லை. அண்ணனும் அண்ணியும் கவரைப்பேட்டைப் பக்கம் அறுப்புக்குப் போயிருந்தார்கள். நான் தகட்டைச் சுவரில் வைத்து 37 என்று எழுதினேன். பேரேட்டிலும் ஏறியது. பட்டா நிலக்காரர்களுக்குக் காகிதம் இருந்தது. புறம்போக்கில் இருந்தவர்களுக்கு இந்த எண்தான் காகிதம். எண் இருந்தால் புதுக் காலனியில் மூன்று சென்ட் இடம்.

அன்று மாலையே இதை நான் வீட்டில் சொல்லியிருக்க வேண்டும். வீடு போகப்போகிறது என்று எந்த வாயால் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். அதற்குள் பொன்னேரி முகாமுக்கு எங்களை அனுப்பிவிட்டார்கள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துச் சுவர்களில் அந்தக் காலத்தில் அரசாங்கம் எதையாவது எழுதிக்கொண்டே இருக்கும். கொசு மருந்து அடிக்க வரும் மலேரியாக்காரர்கள் தேதி போட்டு எழுதுவார்கள். ஜனத்தொகைக் கணக்கெடுப்புக்கு ஓர் எண். குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம் ஒன்று. எலெக்‌ஷன் சின்னம் இரண்டு. எங்கள் பெண்கள் ஒருவரும் அதைப் பொருட்படுத்தியதில்லை. பொங்கல் வந்தால் சுவருக்குச் சுண்ணாம்பு, அடியில் காவிப் பட்டை. அரசாங்கம் எழுதும், பொங்கல் அழிக்கும். வருடா வருடம் அப்படித்தான்.

நான் போகியன்று காலை ஊர் திரும்பினேன். வீடு கண்ணைப் பறித்தது.

"இன்னா தாமு, வாயப் பொளந்துகினு நிக்கிற? சுவரு பளிச்சுனு கீதா?" என்றார் அண்ணி. கையெல்லாம் சுண்ணாம்பு வெந்து தோல் உரிந்திருந்தது.

"அந்த நம்பரு எங்க அண்ணி?"

"எந்த நம்பரு? மலேரியாக்காரன் எழுதிட்டுப் போனானே, அதுவா? அத்த ஏன் கேக்குற, ரெண்டு கை அடிச்சும் செவப்பு தெரிஞ்சுகினே இருந்திச்சு. மூணாவது கை போட்டப்புறம்தான் அடங்கிச்சு."

"அது மலேரியா இல்ல அண்ணி. கம்பெனிக்கு நெலம் எடுக்கறாங்க இல்ல, அந்த நம்பரு. நான்தான் எழுதனேன்."

அண்ணி சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீயா எழுதன? சொல்லிட்டுப் போவக் கூடாதா நைனா? பேஜாராப் பூட்ச்சே" என்றார். குரல் இறங்கிவிட்டது.

"ஒண்ணும் ஆவாது. பேரேட்டுல கீது" என்றேன். ஆகும் என்று எனக்குத் தெரியும்.

மாட்டுப் பொங்கலன்று அண்ணன் எங்கள் ஜோடி மாட்டுக்குக் கொம்பில் சிவப்புப் பெயின்ட் அடித்தார். மீதியைக் கொட்டாங்குச்சியில் விட்டு வைத்திருந்தார். அவர் மாட்டை ஓட்டிக்கொண்டு போனதும் அண்ணி அந்தக் கொட்டாங்குச்சியை என்னிடம் நீட்டினார்.

"தாமு, இந்த செவப்பு ஆவாதா?"

நான் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். "வேணாம் அண்ணி. தகடு இல்லாம எழுதனா கண்டுபுடிச்சுடுவாங்க. ஜெயிலு."

அண்ணி கொஞ்ச நேரம் கையை நீட்டியபடியே நின்றார். பிறகு அதைக் கொண்டுபோய்க் கூரை எறவாணத்தில் செருகிவிட்டார்.

4

காணும் பொங்கலுக்கு மறுநாள் சரிபார்க்க அதிகாரி ஜீப்பில் வந்தார். நல்ல மனிதர், அதையும் சொல்லிவிடுகிறேன். யாரையும் அதட்டவில்லை. வெயிலில் நடந்தே வந்தார். ஏரிக்கரையில் இருபது வீட்டுக்கு மேல் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். ஆனால் அவர்கள் எண் இருந்த இடத்தை மட்டும் சுற்றி விட்டிருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் எழுதினவர்கள் விவரம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். சொல்லாமல் போனது நான் ஒருவன்தான். தம்பியே எழுதியதால் அண்ணிக்குத் தெரிந்திருக்கும் என்று அக்கம்பக்கத்தில் யாரும் சொல்லவில்லை.

அண்ணன் அன்றைக்குப் பழவேற்காடு பக்கம் உப்பு மூட்டை ஏற்றப் போயிருந்தார். அண்ணி தனியாக வாசலில் நின்றார். நான் ஐந்தடி தள்ளி, சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பேரேட்டுல முப்பத்தேழு இருக்குதும்மா. சுவத்துல இல்லையே" என்றார் அதிகாரி.

"பொங்கலுக்கு சுண்ணாம்பு அடிச்சிட்டேன் சார். தெரியாம பூட்ச்சு."

"பரவாயில்ல. எழுதின ஆள் யாருன்னு சொல்லு. இங்கதான் எல்லாரும் இருக்காங்க. அவர் ஒரு கையெழுத்துப் போட்டா சேர்த்துக்கறேன்."

இவ்வளவுதான். நான் இரண்டு அடி முன்னால் வைத்து, 'நான்தான் சார்' என்று சொல்ல வேண்டும். சொன்னால் பேர் கேட்பார், அப்பா பேர் கேட்பார், பேரேட்டில் இருக்கும் நாகப்பனுக்கும் எனக்கும் ஒரே அப்பா என்பது தெரிந்துவிடும். வேலை போகும். கேஸ் வரும். என் கையிலிருந்த இரும்புச் சங்கிலி தானாகவே கிலுகிலுவென்று சத்தம் போட்டது. நிறுத்த முயன்றேன், நிற்கவில்லை.

அண்ணி அந்தச் சத்தம் வந்த பக்கம் திரும்பினார். என் கையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு அதிகாரியிடம் சொன்னார்:

"அன்னிக்கி நான் ஊட்ல இல்ல சார். எய்தன ஆளு யாருன்னு தெரியாது."

"வேற யாராவது பார்த்தீங்களா?"

பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு எல்லாம் தெரியும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணி அவர்களை ஒரு பார்வை பார்த்தார். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அதிகாரி பேரேட்டில் முப்பத்தேழின் மேல் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். நானும் சங்கிலியை இழுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

அன்று மாலை அண்ணி எனக்குக் கருவாட்டுக் குழம்பு ஊற்றினார். "சாப்டு. நாளைக்கி வேலைக்குப் போவணுமில்ல" என்றார்.

"உங்க அண்ணங்கிட்ட சொல்லாத. அது கோவக்காரு, எதனா பண்ணிக்கும்" என்றார். அதற்குப் பிறகு இந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

அண்ணன் ஒரு வருடம் அலைந்தார். எந்த ஆபீஸில் எந்த மேஜையில் கொடுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. கொடுக்கும் மனுக்களை எழுதித் தர வீட்டிலேயே படித்த தம்பி இருந்தான். ஆமாம், அத்தனை மனுவையும் எழுதியது நான்தான். 'மேற்படி வீட்டுக்கு எண் எழுதிய நபர் யாரென்று மனுதாரருக்குத் தெரியவில்லை' என்று என் கையெழுத்தில், கோடு போட்ட காகிதத்தில், பிழையில்லாமல் எழுதினேன். அண்ணன் அடியில் கஷ்டப்பட்டுக் கையெழுத்துப் போடுவார். மை காயும் வரை ஊதுவார்.

5

வீடு இடிபட்ட அன்று நான் பொன்னேரியில் வேலை இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டுப் போய்விட்டேன். அந்த இடத்தில் இப்போது ஓர் இரும்பு ஆலையின் மதில் சுவர் நிற்கிறது. அந்த மதிலுக்குக் கல் சுமந்தவர்களில் என் அண்ணனும் ஒருவர். கட்டி முடிந்ததும் உள்ளே சுமை தூக்கும் வேலை கொடுத்தார்கள். மாட்டை விற்றுவிட்டார்கள். ரயில் பாதை ஓரத்தில் வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் ஓர் அறை வாடகைக்கு எடுத்தார்கள். அங்கேதான் இன்னும் இருக்கிறார்கள்.

என் செயின்மேன் வேலைக்குக் கொடுத்த அனுபவச் சான்றிதழைக் காட்டித்தான் மெட்ராஸில் வேலை வாங்கினேன். அதைக் காட்டித்தான் இங்கே வந்தேன். நான் போட்டிருக்கும் ஸ்வெட்டர், கலாவின் பள்ளிக்கூட ஷூ, எல்லாம் அந்தச் சுவரிலிருந்து வந்தவை. அந்த வெள்ளிக்கிழமை வரை இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, சரோஜாவிடம்கூட.

அண்ணன் மகள் மாதம் ஒரு ஏரோகிராம் எழுதுகிறாள். ஊர் அடையாளமே தெரியவில்லை சித்தப்பா என்கிறாள். ஆந்திராவிலிருந்தும் எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து நிரம்பிவிட்டார்களாம். குடிக்கிற தண்ணீரில் துரு வாசனையாம். துணி காயப்போட்டால் கரி படிகிறதாம். ஷிஃப்ட் நேரம் இல்லாத நேரத்தில் ஆலைச் சங்கு ஊதினால், உள்ளே யாருக்கோ அடிபட்டிருக்கிறது என்று அர்த்தம். அப்போதெல்லாம் அண்ணி அடுப்பில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டுப் பாதையைப் பார்த்து நிற்கிறாராம். அண்ணன் தலை தெரிந்த பிறகுதான் உள்ளே போகிறாராம். இதைப் படித்த நாளிலிருந்து, இங்கே எங்காவது சைரன் கேட்டால் நானும் நின்றுவிடுகிறேன். போன பொங்கலுக்கு லைன் வீட்டுக்காரர் சுண்ணாம்பு அடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். அவர் ரோஸ் கலர் டிஸ்டெம்பர் அடித்திருக்கிறாராம். அண்ணி வாசற்படிக்கு மட்டும் காவி தீட்டினாராம்.

இங்கே எங்கள் அலுவலகத்தில் ஒரு பழைய வரைபடம் தொங்குகிறது. வெள்ளைக்காரர் காலத்தில் போட்டது. அகலமான சாலைகள், பங்களாக்கள், கோல்ஃப் மைதானம் எல்லாம் அதில் இருக்கின்றன. எஸ்தர் இருக்கும் குடியிருப்பு இருக்க வேண்டிய இடம் வெறும் வெள்ளைக் காகிதம். எங்கள் ஊர் வரைபடத்தில் அந்த மாதிரி இடத்துக்குப் புறம்போக்கு என்று எழுதியிருந்தார்கள். வெள்ளைக்காரன் போய்விட்டான், இரண்டு ஊரிலும் அவன் காகிதத்தை விரித்து வைத்துக்கொண்டு, அதன் மேல் சங்கிலி போடுகிறவன் நான். ஊரே இல்லை என்று காட்டும் காகிதத்தை வைத்துக்கொண்டு ஊரை அளப்பது எனக்குக் கிலியாக இருக்கிறது. எந்த ஊரிலும் புதுச் சாலை என்று கேள்விப்பட்டால் மற்றவர்கள் சந்தோஷப்படுகிறார்கள். நான் வழியில் எத்தனை சுவர் இருக்கும் என்று கணக்குப் போடுகிறேன்.

புதன், வியாழன் இரண்டு நாளும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. கலா என் தட்டைப் பார்த்துவிட்டு, "அப்பா, உனக்கு பயம் வந்திருக்கா?" என்று கேட்டாள். ஜுரம் வந்திருக்கா என்று கேட்பது போலக் கேட்டாள். ஆமாம் என்றேன்.

6

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். இந்த நாட்டுக்காரர், மெதுவாகப் பேசுகிறவர், கோட்டுப் பையில் மூன்று பேனா வைத்திருப்பவர். எஸ்தர் வீட்டின் முன்னால் நின்றதும் முதலில் சுவரைத்தான் பாராட்டினார். பாராட்டும்படிதான் இருந்தது. விரலால் வளைவு வளைவாக இழுத்துக் கோலம் மாதிரி செய்திருந்தார் எஸ்தர். அறுவடை முடிந்து மழை வருவதற்குள் இப்படிப் பூசுவது அவர்கள் வழக்கம். வருடா வருடம் செய்வதுதான்.

"நோட்டில் 214 இருக்கிறது. சுவரில் இல்லையே. எழுதியது யார்?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

எஸ்தர் தன் வாயைத் திறக்கப் போனார். என் பக்கம் திரும்பினார். நான் ஐந்தடி தள்ளி, அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இது துணி நாடா, சத்தம் போடாது. ஆனால் எஸ்தர் என் கையைப் பார்த்துவிட்டார். அவருடைய வாய் அப்படியே நின்றது. அந்த முகத்தில் ஒரு யோசனை ஓடியது. அந்த யோசனையை எனக்குத் தெரியும். இன்னும் ஒரு நிமிஷம் விட்டால் என்ன சொல்வார் என்பதும் தெரியும்.

நான் இரண்டு அடி முன்னால் வைத்தேன். என்னவோ சொன்னேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அதிகாரி, "என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டார். அப்போதுதான் நான் பேசியது தமிழ் என்று எனக்கே தெரிந்தது. என் காதில் அது இன்னும் இருக்கிறது:

"நான்தான் சார் எழுதனேன். முப்பத்தேழு. எங்க அண்ணி பொங்கலுக்கு சுண்ணாம்பு அடிச்சிட்டாங்க சார்."

இங்கிலீஷில் மறுபடி சொன்னேன். இருநூற்றுப் பதினாலு. எழுதியது நான். இந்தப் பெண்மணி மண் பூசியதில் மறைந்துவிட்டது. படிவத்தைக் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டேன். தொடர்பு உண்டா என்ற வரியில், என் வீட்டில் வேலை செய்கிறார், இதை முன்பே தெரிவிக்கவில்லை என்று எழுதினேன். அதிகாரி அதைப் படித்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

எஸ்தருக்கு மனைச் சீட்டு வந்துவிட்டது. எனக்கு ஒப்பந்தக் காகிதம் வரவில்லை. மூன்று வாரமாகத் தபால் பெட்டியைத் திறக்கும்போது சாவி துவாரத்தில் நுழைய மாட்டேன் என்கிறது. கம்பெனியில் யாரும் என்னிடம் எதுவும் கேட்பதில்லை, அதுவே பயமாக இருக்கிறது. சரோஜா பெரிய டிரங்குப் பெட்டியை இறக்கித் துடைத்து வைத்திருக்கிறாள். அனுப்பிவிட்டால் எங்கே போய் இருப்போம் என்று கலா கேட்கிறாள். கும்மிடிப்பூண்டி என்றேன். அங்கே நம்ம வீடு எது என்றாள்.

எஸ்தர் ஒரு நாள் துணி அலசிக்கொண்டே கலாவை விட்டுக் கேட்டார். அன்றைக்கு முதலில் உங்கள் பாஷையில் ஏதோ சொன்னீர்களே, அது என்ன? அந்த வரியையும், அதற்குப் பின்னால் இருந்த கதையையும் சொன்னேன். சரோஜாவும் வந்து நின்று கேட்டாள். கலா தட்டுத்தடுமாறி அதை எஸ்தருக்குச் சொன்னாள். அண்ணி என்பதற்கு அவளுக்கு வார்த்தை கிடைக்கவில்லை. பெரிய அக்கா மாதிரி என்று ஏதோ சமாளித்தாள். எஸ்தர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்த அண்ணிக்கு இடம் குடுத்தாங்களான்னு கேக்கறா அப்பா."

"குடுக்கலைன்னு சொல்லு."

எஸ்தர் அலசி முடித்த சட்டையை எடுத்து மறுபடி அலசினார். சரோஜா உள்ளே போய்விட்டாள். அன்று முழுக்க அவள் என்னைக் கேலி செய்யவில்லை.

இந்தக் குறிப்பைப் பத்திரிகைக்கு அனுப்புவதா வேண்டாமா என்று பத்து நாள் யோசித்தேன். அண்ணன் ஷிஃப்ட் முடிந்து ஸ்டேஷன் எதிரில் இருக்கும் டீக்கடையில் பத்திரிகை படிப்பார். எழுத்துக் கூட்டி, ஒரு வரி விடாமல் படிப்பார். என் பேரைப் பார்த்தால் பக்கத்தில் இருப்பவரிடம் காட்டுவார். தபால் பெட்டியை விட, அதிகாரியை விட, எனக்கு அந்த டீக்கடையை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. என்னை மன்னிக்காமல் போனால் போகட்டும். அண்ணி மேல் அவருக்குக் கோபம் வந்துவிடக் கூடாது. அதனால் மனு எழுதிப் பழகிய கையாலேயே இதை எழுதுகிறேன்.

அண்ணா, நான் உனக்கு எழுதிக் கொடுத்த மனுக்களில் ஒரு வரி பொய். அதை இப்படித் திருத்திப் படிக்கவும். மேற்படி வீட்டுக்கு எண் எழுதப்பட்டது. எண் முப்பத்தேழு. எழுதியவன் பெயர் தாமோதரன். மனுதாரரின் தம்பி. சரிபார்த்த அன்று அவன் சுவருக்கு ஐந்தடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தான். மனுதாரரின் மனைவிக்கு அது தெரியும்; அவன் வேலையைக் காப்பாற்றவே அவர் தெரியாது என்றார்.